கடினமான கல்வியாண்டில் மனம் தளராமல் இருப்பது எப்படி? ஆசிரியர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

சில வருடங்கள் ஆரம்பத்திலிருந்தே முரண்டு பிடிக்கும். வகுப்பு அடங்காது, பாடம் நகராது, மேலிடத்திலிருந்து சுற்றறிக்கை மட்டும் தவறாமல் வரும். அப்படிப்பட்ட வருடத்தில் சக ஆசிரியர்கள் என்னிடம் கேட்கும் கேள்விகளையும், நான் சொல்லும் பதில்களையும் இங்கே தொகுத்திருக்கிறேன். வரிசையாகப் படிக்க வேண்டும் என்றில்லை. உங்களுக்கு எது உறுத்துகிறதோ அங்கிருந்து தொடங்கலாம்.

வருடம் தொடங்கி இரண்டு மாதம்கூட ஆகவில்லை. அதற்குள் இப்படி வெறுத்துப்போகிறதே. எனக்கு மட்டும்தான் இப்படியா?

இல்லை. இதற்கு ஒரு கால அட்டவணையே இருக்கிறது. கலிஃபோர்னியாவில் புதிய ஆசிரியர்களுக்குப் பயிற்சி அளித்த எலன் மோயர், முதலாண்டு ஆசிரியர்களின் மனநிலை ஆண்டு முழுக்க எப்படி ஏறி இறங்குகிறது என்று கவனித்து 1990இல் எழுதினார். முதலில் ஆவலான எதிர்பார்ப்பு. பள்ளி திறந்ததும் அன்றாடத்தைச் சமாளித்தாலே போதும் என்ற ஓட்டம். ஆறு முதல் எட்டு வாரத்துக்குப் பிறகு பெரிய சரிவு. நீண்ட விடுமுறைக்குப் பின் மெல்ல ஒரு மீட்சி. கடைசியில், நடந்ததைத் திரும்பிப் பார்க்கும் கட்டம்.

அவர் எழுதியது புதியவர்களைப் பற்றி. ஆனால் இருபது வருட அனுபவம் உள்ளவர்களுக்கும் கடினமான ஆண்டில் ஏறக்குறைய இதே கோடுதான் விழுகிறது என்பதை நான் பக்கத்திலிருந்து பார்த்திருக்கிறேன். இரண்டாம் மூன்றாம் மாதத்தில் வரும் அந்தப் பள்ளத்தில் நின்றுகொண்டு, "நான் இந்த வேலைக்கு லாயக்கில்லை" என்று தீர்ப்பு எழுதிவிடாதீர்கள். அந்த நேரத்தில் யாருக்குமே கண்ணோட்டம் சரியாக இருக்காது. பெரிய முடிவுகளை அந்த வாரங்களில் எடுக்காமல் தள்ளிப்போடுவதே நல்லது.

எல்லோரும் "நம்பிக்கையோடு இருங்கள்" என்கிறார்கள். அது சொன்னால் வந்துவிடுமா?

வராது. அப்படிச் சொல்பவர்கள்மேல் எரிச்சல்தான் வரும், அதில் நியாயமும் இருக்கிறது.

நம்பிக்கையை ஓர் உணர்ச்சியாக நினைத்தால் அது வரும்வரை காத்திருக்க வேண்டியதுதான். கான்சாஸ் பல்கலைக்கழக உளவியலாளர் சி. ஆர். ஸ்னைடர் 1990களில் வேறு விதமாக விளக்கினார். அவர் கணக்கில் நம்பிக்கைக்கு மூன்று வேண்டும்: போய்ச் சேர ஓர் இடம், அங்கே போகச் சில வழிகள், அந்த வழியில் நம்மால் நடக்க முடியும் என்ற எண்ணம். இந்த மூன்றில் ஒன்று குறைந்தாலும் மனம் படுத்துவிடும்.

ஆசிரியர்களிடம் பெரும்பாலும் குறைவது இரண்டாவது. இலக்கு நிறைய இருக்கிறது. அதுதான் மேலிருந்து கொட்டுகிறதே. முயற்சிக்கும் பஞ்சமில்லை. ஆனால் "நாளை இரண்டாவது பீரியடில் இந்தக் குழுவை என்ன செய்வது?" என்ற கேள்விக்குக் கையில் ஒரு வழியும் இல்லாதபோதுதான் காலையில் பள்ளிக்குக் கிளம்பக் கால் வராது. ஆகவே என் யோசனை எளிமையானது: மனதைத் தேற்றுவதில் செலவிடும் நேரத்தில் பாதியை, நாளைக்கான ஒரே ஒரு வழியைக் கண்டுபிடிப்பதில் செலவிடுங்கள். மனம் பின்னாலேயே வரும். முதலில் மனம் சரியாகட்டும், அப்புறம் வேலை என்று உட்கார்ந்தவர்களைவிட இப்படிச் செய்தவர்களே சீக்கிரம் எழுந்து நின்றதை நான் கண்டிருக்கிறேன்.

வழி என்கிறீர்கள். என் வகுப்பில் பாதிப்பேருக்கு அடிப்படையே தெரியவில்லை. அங்கே என்ன வழியைக் கண்டுபிடிப்பது?

இது விரிவாகப் பேச வேண்டிய கேள்வி. ஒரு நோட்டை எடுத்துக்கொள்வோம். கழித்தல் கணக்கு. 403இலிருந்து 158ஐக் கழிக்க வேண்டும். விடை 245. மாணவி 355 என்று எழுதியிருக்கிறாள். அடுத்தது 621இல் 347. விடை 274, அவள் எழுதியது 326. மூன்றாவது 502இல் 236. விடை 266, அவள் எழுதியது 334.

சிவப்பு மையில் மூன்று தப்பு போட்டுவிட்டு, "கழித்தலே தெரியவில்லை" என்று அடுத்த நோட்டுக்குப் போய்விடலாம். நாற்பது நோட்டு காத்திருக்கும்போது அப்படித்தான் தோன்றும். ஆனால் ஒரு நிமிடம் நின்று பாருங்கள். 403இல் ஒன்றாம் இடத்தில் மேலே 3, கீழே 8. அவள் 8இலிருந்து 3ஐக் கழித்து 5 போட்டிருக்கிறாள். பத்தாம் இடத்தில் மேலே 0, கீழே 5. அங்கேயும் 5. நூறாம் இடத்தில் 4இலிருந்து 1 போக 3. மற்ற இரண்டு கணக்கிலும் அதே கதை. ஒவ்வோர் இடத்திலும் பெரிய இலக்கத்திலிருந்து சின்ன இலக்கத்தைக் கழிக்கிறாள், எது மேலே எது கீழே என்று பார்ப்பதில்லை.

அதாவது அவளிடம் ஒரு விதி இருக்கிறது. தவறான விதி, ஆனால் ஒருமுறைகூடப் பிசகாமல் பின்பற்றுகிறாள். ஒற்றை இலக்கக் கழித்தல் ஒன்றுகூடத் தப்பவில்லை. ஜான் சீலி பிரவுன், ரிச்சர்டு பர்ட்டன் என்ற இரு ஆய்வாளர்கள் 1978இல் இதைத்தான் காட்டினார்கள்: குழந்தைகளின் கணக்குப் பிழைகளில் பல கவனக்குறைவால் வருவதில்லை, ஒழுங்கான ஆனால் பிழையான ஒரு செய்முறையால் வருகின்றன.

இப்போது உங்களுக்கு வழி கிடைத்துவிட்டது. கழித்தலை முதலிலிருந்து நடத்த வேண்டியதில்லை. பத்துக் குச்சிக் கட்டு ஒன்றைப் பிரித்துக் காட்டி, கடன் வாங்குவது என்றால் என்ன என்று பத்து நிமிடம் உட்கார்ந்தால் போதும். அநேகமாக அதே விதியைப் பின்பற்றும் இன்னும் நாலைந்து பேர் அதே வகுப்பில் இருப்பார்கள். அவர்களையும் சேர்த்து உட்கார வையுங்கள்.

"பாதிப்பேருக்கு அடிப்படை தெரியவில்லை" என்ற வாக்கியத்தோடு யாராலும் ஒன்றும் செய்ய முடியாது. "இந்த ஆறு பேர் சின்னதைப் பெரியதிலிருந்து கழிக்கிறார்கள்" என்ற வாக்கியத்தோடு நாளைக் காலையிலேயே வேலை தொடங்கலாம். இரண்டுமே அதே வகுப்பைப் பற்றியவைதான். கணக்குக்கு மட்டும் இல்லை, வாசிப்புக்கும் எழுத்துக்கும் இதுவே பொருந்தும். எந்த எழுத்தில் தடுக்குகிறது, எந்தச் சொல்லில் நிற்கிறது என்று நெருங்கிப் பார்த்தவருக்குத்தான் வழி தெரியும்.

வாரத்துக்கு ஒரு நாள், ஐந்து நோட்டு. அந்த ஐந்தை மட்டும் இப்படிப் பாருங்கள். எல்லா நோட்டையும் இப்படிப் பார்க்க யாராலும் முடியாது. அப்படி முயன்றால் நீங்கள்தான் படுத்துவிடுவீர்கள்.

நேற்று வகுப்பு அருமையாகப் போனது. இன்று தலைகீழ். நேற்று நடந்தது வெறும் அதிர்ஷ்டமா?

கொஞ்சம் அதிர்ஷ்டமும் இருந்திருக்கும். அதில் மனமொடிய ஒன்றும் இல்லை.

உளவியலாளர் டேனியல் கானமன் விமானப் பயிற்சியாளர்களிடம் பேசியபோது, அவர்களில் ஒருவர் உறுதியாகச் சொன்னாராம்: நன்றாக ஓட்டியவரைப் பாராட்டினால் அடுத்த முறை மோசமாக ஓட்டுகிறார், மோசமாக ஓட்டியவரைத் திட்டினால் அடுத்த முறை நன்றாக ஓட்டுகிறார், எனவே திட்டுதான் வேலை செய்கிறது. கானமன் அதில் இருந்த கோளாறைக் கண்டுபிடித்தார். மிக நல்ல ஒரு முறைக்குப் பின் வருவது பெரும்பாலும் சராசரியை ஒட்டித்தான் இருக்கும். மிக மோசமான ஒரு முறைக்குப் பின்னும் அப்படியே. பாராட்டுக்கும் திட்டுக்கும் அதில் பங்கே இல்லாமல் இருக்கலாம்.

வகுப்பறையில் இது தினமும் நடக்கிறது. அட்டகாசமான ஒரு நாளுக்குப் பிறகு சாதாரண நாள் வந்தால் சறுக்கலாகத் தெரிகிறது. படுமோசமான நாளில் கத்தினோம், மறுநாள் கொஞ்சம் அடங்கினார்கள் என்றால் கத்தியதுதான் மருந்து என்று தோன்றுகிறது. இப்படியே போனால் பாராட்டைக் குறைத்துக் கத்தலைக் கூட்டிக்கொள்ளும் ஆசிரியராக நம்மை அறியாமலேயே மாறிவிடுவோம். ஒரு நாளை அதற்கு முந்தைய நாளோடு ஒப்பிடாதீர்கள். இந்த மாதத்தைப் போன மாதத்தோடு ஒப்பிடுங்கள்.

முப்பத்தைந்து பேர் ஒழுங்காக இருந்தாலும் ஒருவன் சொன்ன ஒரு சொல் ராத்திரிவரை மண்டையில் ஓடுகிறது. ஏன்?

மனித மூளையின் அமைப்பு அப்படி. நல்லதைவிடக் கெட்டது ஆழமாகப் பதியும் என்பது உளவியலில் பலமுறை உறுதியான விஷயம். நீங்கள் பலவீனமானவர் என்று பொருளில்லை.

இதற்கு நான் கண்ட ஒரே உருப்படியான மாற்று, எழுதி வைப்பது. பொத்தாம்பொதுவாக "இன்று நன்றாக இருந்தது" என்று எழுதினால் ஒரு பயனும் இல்லை. "பின்வரிசையில் வாய் திறக்காதவள் இன்று தானாகக் கை தூக்கினாள், விடை தப்பு, இருந்தும் மறுபடி தூக்கினாள்" என்று எழுதுங்கள். பெயர், நடந்த பாடம், நடந்தது என்ன என்று இரண்டே வரி. பாடக்குறிப்பு நோட்டின் ஓரத்திலேயே எழுதலாம். மூளை தானாகப் பதிவு செய்யாததைக் கையால் பதிவு செய்கிறோம், அவ்வளவுதான். மாதக் கடைசியில் அந்த ஓரங்களைப் புரட்டினால், உங்கள் நினைவில் இருக்கும் வகுப்பும் நடந்த வகுப்பும் எவ்வளவு வேறாக இருக்கின்றன என்று தெரியும்.

சில மாணவர்களைப் பார்த்ததும் "இவன் தேறமாட்டான்" என்று தோன்றிவிடுகிறது. வெளியே சொல்வதில்லை. மனதுக்குள் நினைத்தால் தப்பா?

நினைப்பு வருவதை யாராலும் தடுக்க முடியாது. அது மனதுக்குள்ளேயே நிற்காது என்பதுதான் சிக்கல்.

ராபர்ட் ரோசன்தால், லெனோர் ஜேக்கப்சன் இருவரும் 1968இல் வெளியிட்ட ஆய்வை நீங்கள் கேள்விப்பட்டிருக்கலாம். ஒரு தொடக்கப் பள்ளியில் குலுக்கல் முறையில் சில பிள்ளைகளைத் தேர்ந்தெடுத்து, இவர்கள் இந்த ஆண்டு நன்றாக முன்னேறுவார்கள் என்று ஆசிரியர்களிடம் சொல்லிவைத்தார்கள். ஆண்டு முடிவில், குறிப்பாகக் கீழ் வகுப்புகளில், அந்தப் பிள்ளைகள் மற்றவர்களைவிடக் கூடுதலாக முன்னேறியிருந்தார்கள். அந்த ஆய்வின்மீது பிறகு நிறைய விமர்சனங்கள் வந்தன. எதிர்பார்ப்பின் விளைவு முதலில் சொன்ன அளவுக்குப் பெரியதில்லை என்று பின்னால் வந்த ஆய்வுகள் காட்டின. ஆனால் இல்லவே இல்லை என்று ஆகவில்லை.

அது எந்த வழியாகக் கசிகிறது என்பதைத்தான் நாம் பார்க்க வேண்டும். மேரி பட் ரோ என்ற கல்வியாளர் 1970களில் வகுப்பறை ஒலிப்பதிவுகளை ஆராய்ந்தார். ஆசிரியர் கேள்வி கேட்டுவிட்டு விடைக்காகக் காத்திருக்கும் நேரம் சராசரியாக ஒரு விநாடிதான். அதை மூன்று விநாடியாக நீட்டியபோது விடைகள் நீண்டன, வழக்கமாகப் பேசாதவர்களும் பேசினார்கள். நன்றாகப் படிப்பவர்கள் என்று ஆசிரியர் கருதியவர்களுக்குக் கூடுதல் நேரமும், மற்றவர்களுக்குக் குறைந்த நேரமும் கிடைத்ததையும் அவர் கவனித்தார்.

ஆக, "இவன் தேறமாட்டான்" என்ற நினைப்பு நம் வாயில் வராவிட்டாலும் நம் விநாடிகளில் வந்துவிடுகிறது. நினைப்போடு மல்லுக்கட்டாதீர்கள். அந்தப் பையனிடம் கேள்வி கேட்டுவிட்டு மனதுக்குள் மூன்று எண்ணுங்கள். இது மட்டும் நம் கையில் இருக்கிறது. பல சமயம் அவன் சொல்லும் விடைதான் நம் நினைப்பை மாற்றுகிறது.

வீட்டில் அவ்வளவு கஷ்டத்தோடு வரும் பிள்ளைக்கு நான் வகுப்பில் செய்வது எந்த மூலைக்கு?

எம்மி வெர்னர் என்ற ஆய்வாளரும் அவருடைய குழுவும் ஹவாய்த் தீவுகளில் ஒன்றான கவாயில் 1955இல் பிறந்த 698 குழந்தைகளைப் பல பத்தாண்டுகள் பின்தொடர்ந்தார்கள். அவர்களில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கினர் வறுமை, குடும்பச் சண்டை, பெற்றோரின் குடிப்பழக்கம், மனநோய் போன்ற பல சுமைகளோடு வளர்ந்தவர்கள். அப்படி வளர்ந்தவர்களிலும் மூன்றில் ஒருவர் பொறுப்பும் அன்பும் உள்ள பெரியவர்களாக ஆனார்கள். எது அவர்களைக் காப்பாற்றியது என்று தேடியபோது கிடைத்தவற்றில் முக்கியமான ஒன்று, பெற்றோருக்கு வெளியே அவர்கள்மேல் நிலையான அக்கறை காட்டிய ஒரு பெரியவர். அந்தப் பெரியவர் பலருக்கு ஓர் ஆசிரியராக இருந்தார்.

இந்த ஆய்வை நான் திரும்பத் திரும்ப நினைத்துக்கொள்கிறேன். இன்னொரு பக்கத்தையும் நேர்மையாகப் பார்க்க வேண்டும்: அப்படிச் சுமையோடு வளர்ந்தவர்களில் மூன்றில் இரண்டு பங்குப் பேருக்கு இளவயதில் சிக்கல்கள் வரத்தான் செய்தன. ஆசிரியரால் எல்லாவற்றையும் மாற்ற முடியும் என்று இந்த ஆய்வு சொல்லவில்லை. ஆனால் அந்த ஆசிரியர்களில் பெரும்பாலோருக்குத் தாங்கள் யாருக்கு என்னவாக இருந்தோம் என்பது தெரிந்திருக்கவே வாய்ப்பில்லை. பலன் தெரிய முப்பது வருடம் ஆகும் வேலையை இந்த வெள்ளிக்கிழமைக்குள் அளந்து பார்க்கிறோம், பிறகு ஒன்றும் நடக்கவில்லை என்று சோர்ந்துபோகிறோம்.

நடைமுறையில் என்ன செய்வது? அந்தப் பிள்ளையின் வீட்டை உங்களால் சரிசெய்ய முடியாது. தினமும் பெயர் சொல்லிக் கூப்பிட முடியும். நேற்று வராவிட்டால், "நேற்று உன்னைக் காணோமே" என்று கேட்க முடியும். கோபித்த மறுநாளும் அதே முகத்தோடு வரவேற்க முடியும். அடி, பட்டினி, துன்புறுத்தல் என்று சந்தேகம் வந்தால் மட்டும் தனியாகச் சுமக்காதீர்கள். பள்ளியில் அதற்குப் பொறுப்பானவரிடம் அன்றே சொல்லிவிடுங்கள்.

இது வெறும் களைப்பா, அதைவிடப் பெரிய ஒன்றா? எப்படிக் கண்டுபிடிப்பது?

உலக சுகாதார அமைப்பு 2019இல் பணிச்சோர்வை அதன் சர்வதேச நோய் வகைப்பாட்டில் ஒரு தொழில்சார் நிலையாக விவரித்தது. நோயாக வகைப்படுத்தவில்லை. வேலையிடத்து அழுத்தம் நீண்ட நாள் சமாளிக்கப்படாமல் போனால் வருவது என்றும், அதற்கு மூன்று அடையாளங்கள் என்றும் சொன்னது: சக்தி முழுதாக வற்றிப்போவது, வேலையிலிருந்து மனம் விலகிப்போவது அல்லது கசந்துபோவது, எதைச் செய்தாலும் உருப்படியாகச் செய்யவில்லை என்று தோன்றுவது.

சனி ஞாயிறு தூங்கி எழுந்தால் போய்விடுகிறது என்றால் களைப்பு. விடுமுறை முடிந்து வந்தும் முதல் நாளே அதே பாரம், பிள்ளைகளின் முகங்கள் எல்லாம் ஒரே மாதிரி தெரிகின்றன, முன்பு சிரிப்பு வந்த இடத்தில் இப்போது ஒன்றுமே வரவில்லை என்றால் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளுங்கள். எனக்குத் தெரிந்தவரை இரண்டாவது அடையாளம்தான் முதலில் கண்ணில் படும்: பிள்ளைகளைப் பற்றிப் பேசும்போது குரலில் ஒரு கசப்பு. பக்கத்தில் இருப்பவருக்கு அது நமக்கு முன்பே தெரியும்.

தூக்கம் தொடர்ந்து கெடுகிறது, காரணமில்லாமல் அழுகை வருகிறது, உடம்பில் வலி நிற்கவில்லை என்றால் மருத்துவரிடம் போங்கள். வாழவே பிடிக்கவில்லை என்ற எண்ணம் தலைகாட்டினால் ஒரு நாளும் தள்ளிப்போட வேண்டாம், அன்றே யாரிடமாவது சொல்லுங்கள், உதவி தேடுங்கள். இந்தப் பக்கத்தில் உள்ள எந்த யோசனையும் அதற்கு ஈடாகாது.

வகுப்பில் இடமில்லை, ஆளில்லை, ஆயிரம் எழுத்து வேலை. பிரச்சினை வெளியே இருக்க, ஏன் என் மனதை நான் சரிசெய்ய வேண்டும்?

கேள்வி நியாயமானது. பிரச்சினை வெளியேதான் இருக்கிறது என்றால், வெளியேதான் இருக்கிறது என்று சொல்லுங்கள். ஆசிரியரின் மனவலிமையை வைத்து அமைப்பின் ஓட்டையை அடைக்கச் சொல்வதை நான் ஏற்கவில்லை.

1966 அக்டோபர் 5 அன்று யுனெஸ்கோவும் சர்வதேசத் தொழிலாளர் அமைப்பும் சேர்ந்து உருவாக்கிய ஆசிரியர் நிலை குறித்த பரிந்துரை ஏற்றுக்கொள்ளப்பட்டது. உலக ஆசிரியர் நாள் அக்டோபர் 5இல் வருவது அதனால்தான். ஒவ்வொரு மாணவரையும் தனித்தனியாகக் கவனிக்க முடிகிற அளவில் வகுப்பு இருக்க வேண்டும் என்று அது சொல்கிறது. அரை நூற்றாண்டுக்கும் மேலாக எழுத்தில் இருக்கும் விஷயம் இது. 2030க்குள் உலகம் முழுக்க இன்னும் 4.4 கோடி ஆசிரியர்கள் தேவை என்று யுனெஸ்கோ கணக்கிட்டிருக்கிறது. ஆள் பற்றாக்குறையின் சுமை தனியொரு ஆசிரியரின் தோளில் ஏறினால் முதுகு வளையத்தான் செய்யும். அது அவருடைய குணக்கேடு இல்லை.

ஆகவே இரண்டு பட்டியல் போடுங்கள். என் கையில் இருப்பது ஒன்று. நாங்கள் சேர்ந்து கேட்க வேண்டியது மற்றொன்று. இரண்டாவதைத் தலைமையாசிரியரிடமோ சங்கத்திலோ நிர்வாகத்திடமோ எழுத்தில் கொடுங்கள், தனியாகப் போகாமல் இரண்டு மூன்று பேராகப் போங்கள். "வேலை அதிகம்" என்று சொன்னால் யாரும் அசையமாட்டார்கள். "ஒரே தகவலை மூன்று படிவத்தில் எழுதுகிறோம், ஒன்றாக்கித் தாருங்கள்" என்றால் சில சமயம் நடக்கும். கேட்டு ஒன்று நடந்துவிட்டால் அது தரும் தெம்பு தனி.

ஸ்டாஃப் ரூமில் எப்போதும் புலம்பல். கேட்டுக் கேட்டு எனக்கும் தொற்றிவிட்டது. ஒதுங்கிவிடலாமா?

முழுதாக ஒதுங்காதீர்கள். புலம்பலுக்கும் ஒரு வேலை இருக்கிறது. நமக்கு மட்டும் இல்லை என்ற ஆறுதலை அது தருகிறது. பத்து நிமிடத்துக்கு மேல் போனால்தான் விஷமாகிறது. பேச்சைத் திருப்ப ஒரு கேள்வி உதவும்: "உங்க கிளாஸ்ல அவன் எப்படி இருக்கான்?" உங்களிடம் அடங்காத பையன் இன்னொருவரின் பாடவேளையில் ஒழுங்காக இருக்கிறான் என்று தெரியவந்தால், போய் அந்த வகுப்பில் பத்து நிமிடம் உட்கார்ந்து பாருங்கள்.

உளவியலாளர் ஆல்பர்ட் பண்டுரா, "என்னால் முடியும்" என்ற எண்ணம் எங்கிருந்து வருகிறது என்று ஆராய்ந்தபோது, தானே செய்து வெல்வதற்கு அடுத்தபடியாக வைத்தது, நம்மைப் போன்ற ஒருவர் செய்து காட்டுவதைப் பார்ப்பது. பிறர் ஊக்கமாகச் சொல்லும் வார்த்தை அதற்கும் பின்னால்தான். எனவே உங்களைத் தேற்றுகிறவரைவிட, தன் வகுப்புக் கதவைத் திறந்து வைக்கிறவரைத் தேடுங்கள். ஒருவர் போதும்.

பெற்றோர் வந்து முகத்துக்கு நேரே கத்திவிட்டுப் போனார்கள். அடுத்த நாள் அந்தப் பிள்ளையை எப்படிப் பார்ப்பது?

வழக்கம்போல. பிள்ளைக்கு அந்தச் சண்டையில் பங்கில்லை. பல சமயம் அவமானத்தில் கூசிப்போய் உட்கார்ந்திருக்கும். முதல் பாடவேளையிலேயே ஏதாவது ஒரு சின்ன வேலைக்குப் பெயர் சொல்லிக் கூப்பிடுங்கள்.

பெற்றோரைப் பொறுத்தவரை, நாம் அவர்களை அழைப்பதே புகார் சொல்லத்தான் என்று ஆகிவிட்டால் அவர்கள் தற்காப்போடுதான் வருவார்கள். வாரத்துக்கு இரண்டு வீட்டுக்கு நல்ல செய்தி ஒன்று சொல்லி அனுப்பிப் பாருங்கள், ஒரே வரி போதும். அடுத்து கடினமான விஷயம் பேச வேண்டி வரும்போது குரல் வேறாக இருக்கும்.

வீட்டுக்கு வந்தாலும் பள்ளி விடமாட்டேன் என்கிறது. விடைத்தாள் கட்டு, வாட்ஸ்அப் குழு, நாளைய பாடம்...

வேலை முடிந்தபின் மனதையும் வேலையிலிருந்து விலக்குகிறவர்கள் மறுநாள் தெளிவாக இருக்கிறார்கள் என்று சபீன் சோனென்டாக் போன்ற ஆய்வாளர்கள் தொடர்ந்து காட்டிவருகிறார்கள். அதனால் ஓய்வைக் கடமையில் தவறுவதாக நினைக்க வேண்டாம்.

கிளம்புவதற்கு முன் ஒரு சீட்டில் நாளைக்கு முதலில் செய்ய வேண்டிய ஒன்றை எழுதி மேசையில் வையுங்கள். முடிக்காத வேலைதான் மண்டையில் சுற்றும். எழுதிவிட்டால் பாதி அடங்கும். குழுச் செய்திகளுக்கு ஒரு நேரம் வைத்து, அதற்குமேல் பார்ப்பதில்லை என்று பெற்றோரிடமும் சொல்லிவிடுங்கள். திருத்தும்போது ஒவ்வொரு பிழையையும் சுழிக்க வேண்டியதில்லை. இந்த வாரம் வாக்கிய முடிவு, அடுத்த வாரம் ஒற்றுப்பிழை என்று ஒன்றை மட்டும் எடுங்கள். மாணவருக்கும் அதுதான் மண்டையில் ஏறும்.

பாடத்திட்டம் முடியவே முடியாது போலிருக்கிறது.

முடிப்பதற்காக ஓடினால் நீங்கள் மட்டும் போய்ச் சேருவீர்கள். மீதமுள்ள பாடங்களில் அடுத்த வகுப்புக்கு அடித்தளமாக இருப்பது எது என்று அதே பாடம் நடத்தும் இன்னொருவரோடு உட்கார்ந்து குறியுங்கள். அவற்றை நிதானமாக நடத்துங்கள், மற்றவற்றைச் சுருக்கமாகத் தாண்டுங்கள். எதைச் சுருக்கினீர்கள் என்று ஒரு குறிப்பு எழுதி அடுத்த வருட ஆசிரியரிடம் கொடுத்துவிடுங்கள்.

நான் சோர்ந்திருப்பதை மாணவர்களிடம் காட்டலாமா?

"இன்று எனக்கு உடம்பு சரியில்லை, கொஞ்சம் மெதுவாகப் பேசுவோம்" என்று சொல்லலாம். பிள்ளைகள் ஆச்சரியப்படும்படி ஒத்துழைப்பார்கள். "உங்களால்தான் எனக்கு இந்த நிலை" என்று மட்டும் சொல்லக் கூடாது. அந்தச் சுமை அவர்கள் தாங்க வேண்டியதில்லை.

பாதி வருடம் போய்விட்டது. வகுப்பு கைமீறிவிட்டது. இனிமேல் திருத்த முடியுமா?

முடியும். நீண்ட விடுமுறைக்குப் பிறகு வரும் முதல் நாள் அதற்கு நல்ல நாள். கிடைக்காவிட்டால் எந்தத் திங்கட்கிழமையும் சரி. நீண்ட உரை வேண்டாம். "சில விஷயங்களை இனி வேறு மாதிரி செய்யப்போகிறோம்" என்று சொல்லி, இரண்டே இரண்டு வழக்கங்களை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். உள்ளே வந்ததும் கரும்பலகையில் இருக்கும் கேள்விக்கு விடை எழுதத் தொடங்குவது ஒன்று. ஒருவர் பேசும்போது மற்றவர் பேசாமல் இருப்பது இன்னொன்று. பாடம் நடத்துவதைப் போலவே அவற்றையும் நடத்துங்கள்: செய்து காட்டி, செய்யச் சொல்லி, தவறினால் மறுபடி செய்யச் சொல்லி. முதல் வாரம் பாடம் பின்தங்கும். இரண்டாம் வாரம் சோதித்துப் பார்ப்பார்கள். அங்கேதான் பலர் விட்டுவிடுகிறார்கள். மூன்றாம் வாரம்வரை பிடித்துக்கொண்டிருங்கள்.

வேலையை விட்டுவிடலாமா என்று தினமும் தோன்றுகிறது.

தோன்றுவது துரோகம் ஆகாது. யுனெஸ்கோ கணக்குப்படி, உலக அளவில் தொடக்கப் பள்ளி ஆசிரியர்களில் ஆண்டுதோறும் பணியை விட்டு விலகுபவர்களின் விகிதம் 2015இல் 4.6 சதவீதமாக இருந்து 2022இல் 9 சதவீதமானது. விட்டுப்போனவர்கள் எல்லோரும் அக்கறையில்லாதவர்கள் என்று சொல்ல முடியாது.

முடிவெடுக்கும் முன் எதை விட நினைக்கிறீர்கள் என்று பிரித்துப் பாருங்கள். கற்பிப்பதையா, இந்தப் பள்ளியையா, இந்த வகுப்பையா, இந்த வருடத்தையா? வருடம் என்றால் அது தானாக முடியும். வகுப்பு என்றால் மாற்றிக் கேட்கலாம். பள்ளி என்றால் வேறு பள்ளி பார்க்கலாம். கற்பிப்பதே பிடிக்கவில்லை என்று நிதானமான நேரத்திலும் தோன்றினால், மரியாதையாக வேறு வேலைக்குப் போவதில் ஒரு தவறும் இல்லை.

வருடக் கடைசியில் நான் ஏதாவது செய்தேனா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

அதற்கு இப்போதே ஒரு வேலை செய்ய வேண்டும். ஐந்து மாணவர்களின் நோட்டில் இருந்து ஆளுக்கு ஒரு பக்கத்தைத் தேதியோடு போட்டோ எடுத்து வையுங்கள். நன்றாகப் படிப்பவர் ஒருவர், நடுவில் இருப்பவர் இருவர், தடுமாறுபவர் இருவர். கடைசி மாதத்தில் அதே ஐந்து பேரின் நோட்டை எடுத்து பக்கத்தில் வைத்துப் பாருங்கள். மதிப்பெண் காட்டாத பலவற்றை அது காட்டும்: எழுத்தின் நேர்த்தி, வாக்கியத்தின் நீளம், அடித்துவிட்டுத் திருத்தி எழுதிய இடங்கள். ஒருவரிடம் மாற்றமே இல்லை என்றால் அவருடைய பக்கத்தை அடுத்த வருட ஆசிரியரிடம் கொடுத்து, நீங்கள் முயன்ற வழிகள் எவை, எது கொஞ்சம் வேலை செய்தது என்று ஐந்து நிமிடம் உட்கார்ந்து சொல்லுங்கள். அந்த மாணவரிடம் பழைய பக்கத்தையும் புதிய பக்கத்தையும் காட்டி, அவருக்கு என்ன தெரிகிறது என்றும் கேளுங்கள்.